சத்திரக்காரனின் தலை

மூன்றே முக்கால் கிலோ. டிசம்பர் பதினெட்டாம் தேதி காலை, தேவாலயத்துக் கார் கொட்டகையில், தராசின் முள் ஆடி ஓயும்வரை இடுப்பில் கைவைத்துக் காத்திருக்கிறார் பல்லக்கா. தராசில் இருப்பது ஒரு மனிதத் தலை. பிளாஸ்டரால் ஆனது. வாயைப் பிளந்துகொண்டு கூரையைப் பார்த்துக் கத்துகிறது. முள் நின்றதும் அவர் உதட்டைப் பிதுக்குகிறார்.

"போன வருஷத்தைவிட கூடிப்போச்சு. உள்ள ஒன்பது பேர் இருக்காங்கல்ல, கூடத்தான் செய்யும்."

கிறிஸ்துமஸ் குடில் என்றால் எந்தத் தேவாலயத்திலும் ஒரே கதைதான். மாதா, சூசையப்பர், தொட்டில், ஆடு மாடு, கூரைமேல் ஒரு நட்சத்திரம். பல்லக்கா அமைக்கும் குடிலில் மட்டும் கூட்டம் தொட்டில் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நேரே இடது மூலைக்குப் போகும். அங்கேதான் சத்திரம். அதன் வாசலில், நிறைமாதக் கர்ப்பிணியைத் தெருவில் நிறுத்திவைத்து "இடமில்லை" என்று கதவைச் சாத்துகிற சத்திரக்காரன் நிற்கிறான். அவனுக்கென்று சொந்த முகம் கிடையாது. அந்த வருடம் ஊரில் யார் யாருக்குக் கதவைச் சாத்தினார்களோ, அவர்களில் கடைந்தெடுத்த ஒருவரின் முகம் அவனுக்கு வந்து சேரும். தேர்ந்தெடுப்பது பல்லக்கா. மேல்முறையீடு கிடையாது.

பிழைப்புக்கு அவர் செய்வது பல் செட்டு. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள்; இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, கடைசியில் மெருகு போட்டுத் திருப்பி அனுப்புவார். வேலை நடக்கும் இடம் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. நேராக நிமிர்ந்தால் ஏழாவது படி தலையில் இடிக்கும். அதனால் அங்கே எல்லாமே உட்கார்ந்தபடிதான். உடைந்த செட்டை ஒட்டவைக்க நேரில் வருபவர்கள் எதிரே ஒரு முக்காலியில் குந்துவார்கள். செட்டு அவர் கையில் இருக்கும்வரை வந்தவரால் எழுந்து போகவும் முடியாது, பேசாமல் இருக்கவும் முடியாது. பல் போனால் சொல் போச்சு என்று சொன்னவர் இந்த மாடிப்படிக்கு அடியில் வந்து பார்க்கவில்லை. பல்லைக் கழற்றிக் கொடுத்தவர்கள்தான் இங்கே அதிகம் பேசுகிறார்கள். யார் யாரை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள், எந்த மருமகள் எந்த மாமியாருக்கு எந்த அறையைப் பூட்டினாள், எல்லாம் ஈறும் உதடுமாகக் கொழகொழவென்று வந்து விழும். பல்லக்கா அரத்தை நிறுத்தாமல் கேட்டுக்கொள்வார்.

மனிதர்களை அவர் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை. வாயைப் பார்த்துப் பேசுவார். யாராவது சிரித்தால் கூடச் சிரிக்கமாட்டார், செட்டு ஆடுகிறதா என்று பார்ப்பார். பெயர்கள் நினைவில் நிற்பதில்லை. "அந்த மேல்செட்டு வந்தாரா?" "கீழ நாலு போனவங்க பொண்ணுக்குக் கல்யாணமாமே?" என்றுதான் விசாரணை. போன வருடம் புதிதாக வந்த பங்குத்தந்தை இளைஞர். அவரைப்பற்றிக் கேட்டால், "அவருகிட்ட எனக்கு வேலையில்ல, எல்லாம் சொந்தப் பல்லு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்.

குடிலுக்குள் இருக்கும் மற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சூசையப்பர் பழைய ஜவுளிக்கடையில் கோட்டுப் போட்டு நின்ற பொம்மை. தாடி ஒட்டியும் அந்த விற்பனைச் சிரிப்பு போகவில்லை. மாதாவைப் பார்த்து "வேற கலர் காட்டட்டுமா" என்று கேட்பதுபோலவே நிற்கிறார். ஒட்டகம் முன்பு ஒட்டகச்சிவிங்கியாக இருந்தது. கழுத்தில் பாதியை அறுத்து எடுத்ததில் பதவி இறங்கியது. மூன்று ராஜாக்களில் ஒருவருக்குக் கை இல்லை. அவருடைய பரிசைப் பக்கத்து ராஜா சேர்த்துப் பிடித்திருக்கிறார். தொட்டிலில் இருபத்து நான்காம் தேதிவரை பாலன் இருக்கமாட்டார். பல்லக்காவின் சுத்தியலும் பிளாஸ்கும்தான் வைக்கோலில் படுத்திருக்கும்.

சத்திரக்காரன் குடிலுக்குள் நுழைந்தது ஒன்பது வருடத்துக்கு முன்பு. புதிய பங்குத்தந்தைக்கு அதில் கொஞ்சம் சங்கடம். நற்செய்தியில் சத்திரக்காரன் என்று ஒரு ஆளே வருவதில்லை, சத்திரத்தில் இடமில்லை என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது என்று சென்ற மாதம் அவர் மெதுவாக எடுத்துச் சொன்னார். பல்லக்கா பிளாஸ்டர் குழைத்துக்கொண்டே கேட்டார்: "அப்ப கதவே வாயைத் திறந்து சொல்லுச்சா ஃபாதர்?"

அதற்குப் பிறகு அவர் வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் வரவில்லை. அவர் கவலை வேறு. ஆகஸ்டில் வளாகத்து இரும்புக் கதவை மாலை ஆறு மணிக்கே பூட்டச் சொன்னது அவர்தான். நடக்க வந்தவர்கள், சும்மா உட்கார வந்தவர்கள், வீட்டில் பேச முடியாததைப் பேச வந்த ஜோடிகள் எல்லாரும் தெருவில் நின்றார்கள். இப்போது கொட்டகையைத் தாண்டும்போதெல்லாம் அவர் வாயை இறுக மூடிக்கொண்டு புன்னகைக்கிறார். பல்லைப் பார்த்தால்தானே பல்லக்கா அச்சுப் பிசகாமல் செய்வார் என்பது அவர் கணக்கு.

இந்தப் பயம் அவருக்கு மட்டும் இல்லை. நவம்பர் பிறந்துவிட்டால் ஊரே பல்லக்காவின் முன்னால் பூனையாகிவிடும். வங்கியில் அவருக்கு நாற்காலி வரும். மருந்துக்கடையில் பாதி இறக்கிய ஷட்டர் மறுபடி மேலே போகும். அடுக்குமாடிக் காவலாளி யார் வந்தாலும் கதவைத் திறந்துவிட்டு, "அக்காகிட்டச் சொல்லுங்க, நான் திறந்துவிட்டேன்னு" என்று கூடவே சொல்லி அனுப்புகிறாராம். பல்லக்கா இதைத் தன் சாதனையாகவே எடுத்துக்கொள்கிறார். "நாப்பது நாள் தவக்காலத்துக்குக்கூட இவ்வளவு பேர் திருந்தினதில்ல."

முகம் செய்யும் முறையும் அவருடையது. மற்றவர்களாக இருந்தால் பழைய தலையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது செய்திருப்பார்கள். இவர் போன வருட முகத்தின் மேலேயே இந்த வருட முகத்தைப் பூசுகிறார். மூக்கை மட்டும் கொஞ்சம் தட்டிவிட்டு, மேலே விரல் கனத்துக்கு ஒரு பூச்சு. அதில் கண், மூக்கு, கன்னம். வாய் எப்போதும் திறந்திருக்கும், ஏனென்றால் சத்திரக்காரன் கத்துகிறான். அந்த வாய்க்குள் சம்பந்தப்பட்டவரின் பல்வரிசை, அவர் கடைக்கு வந்த அச்சிலிருந்து அப்படியே. முகச்சாயலில் ஊருக்கு ஏதாவது சந்தேகம் இருந்தால் பல் தீர்த்துவிடும். இப்படிப் பூச்சின்மேல் பூச்சாக ஒன்பது வருடத்தில் தலை பூசணிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. உடம்போ அன்று வாங்கிய அதே மூன்றடி. கழுத்தில் ஒவ்வொரு வருடமும் ஒரு கம்பி கூடுதலாகச் செருக வேண்டியிருக்கிறது. எத்தனை கம்பி என்று தீர்மானிக்கத்தான் இந்தத் தராசு.

ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவில் தூரிகையால் சோப்புத் தண்ணீர் தடவுவார். தொழில் வழக்கம் அது. நடுவில் சோப்பு இருந்தால் பிளாஸ்டர் பிளாஸ்டரோடு ஒட்டாது, ஓடுபோலத் தனியே கழன்றுவரும். சத்திரக்காரனின் தலையை யாரும் கழற்றப்போவதில்லைதான். ஆனாலும் கை தானாகப் போய்ச் சோப்பைத் தொட்டுவிடும் என்கிறார்.

அந்தத் தலையை அவர் தராசிலிருந்து இறக்குவதற்குள் கொட்டகை வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கிறது. இறங்குபவள் அவருடைய தங்கை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொள்கிறாள். உள்ளே வரவில்லை. தெருவின் வெளிச்சத்தில் நின்றுகொண்டே, ஆறு வருடத்துக்குப் பிறகு அக்காவிடம் முதல் வார்த்தை பேசுகிறாள்.

"அந்தத் தலை இருக்கா?"

"எந்தத் தலை?"

"எந்தத் தலைன்னு உனக்குத் தெரியாதா."

தெரியும். ஒன்பது முகங்களில் நான்காவது. தங்கையின் கணவருடையது.

ஆறு வருடத்துக்கு முன்பு பல்லக்கா மாடிப்படிக்கு அடியில் இல்லை. தங்கை வீட்டின் பின் அறையில் இருந்தார். ஜன்னல் இருந்தது, நிமிர முடிந்தது, தண்ணீர்க் குழாய் கைக்கு எட்டியது. டிசம்பர் முதல் வாரம், கிறிஸ்துமஸுக்குப் பல்லோடு சிரிக்க ஆசைப்பட்டவர்களின் அச்செல்லாம் மேசையில் குவிந்துகிடந்தபோது, தங்கையின் கணவர் கதவோரம் வந்து நின்றார். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், ஒரு ட்ரெட்மில் வாங்கியிருக்கிறேன், வைக்க வேறு இடமில்லை என்றார். பல்லக்கா ஜனவரிவரை அவகாசம் கேட்டார். வண்டி நாளைக்கே வந்துவிடும் என்று பதில் வந்தது. அடுத்த நாள் பல்லக்காவின் சாமான்கள் வெளியே வந்தன. ட்ரெட்மில் உள்ளே போனது. அதில் அவர் ஏறியதை யாரும் பார்க்கவில்லை. துணி காய்ந்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

அந்த வருடச் சத்திரக்காரன் யார் என்பதற்கு அதற்குமேல் விசாரணை தேவைப்படவில்லை. மாப்பிள்ளைக்கு மேலே வலது பக்கம் ஒரு தெத்துப்பல். பக்கத்துப் பல்லின் தோளில் கைபோட்டதுபோல ஏறி நிற்கும். சின்ன வயதிலிருந்தே அதில் அவருக்குக் கூச்சம். பேசும்போது மேலுதட்டை இழுத்து மூடிக்கொள்வார். அதற்கு மறுபக்கம் இருந்த பல் விழுந்தபோது கட்டிக்கொடுத்தது பல்லக்காதான். அச்சு, அதாவது அதில் வார்த்த பிளாஸ்டர்ப் பல்வரிசை, அவரிடம் இருந்தது. ஆத்திரத்தில் அதைப் பார்த்துச் செய்யக்கூடப் பொறுமையில்லாமல் அச்சையே தூக்கிச் சத்திரக்காரனின் வாயில் பதித்துவிட்டார். உதட்டை நன்றாக மேலே தூக்கி வைத்தார். கிறிஸ்துமஸ் திருப்பலி முடிந்து வெளியே வந்த கூட்டம் தெத்துப்பல்லைப் பார்த்தது, பிறகு திரும்பிக் குடும்பத்தோடு நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தது, பிறகு விழுந்து விழுந்து சிரித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தங்கை குடும்பம் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தேவாலயத்துக்குப் போகத் தொடங்கியது. அப்போதிருந்த பழைய பங்குத்தந்தை கொதித்துப் போய், புத்தாண்டுக்குள் அந்த முகம் கண்ணில் படக்கூடாது என்றார். பல்லக்கா ஒரு கிண்ணம் பிளாஸ்டரை அப்பி மூடினார். உத்தரவு போட்ட பங்குத்தந்தையும் தப்பவில்லை. அடுத்த வருடம் அதே பிளாஸ்டரில் முகம் வாங்கிச் சத்திரத்து வாசலில் நின்றவர் அவர்தான்.

மாப்பிள்ளை இந்த வருடம் ஜூலையில் இறந்துபோனார். மாரடைப்பு. பல்லக்கா அடக்கத்துக்குப் போய்க் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுவிட்டு, யாரும் திரும்பிப் பார்ப்பதற்குள் வந்துவிட்டார். பெட்டியில் இருந்தவரின் வாயை இறுக மூடியிருந்தார்கள் என்பது அவர் கவனித்த ஒரே விஷயம்.

"கல்லறைக் கல்லுல பதிக்க ஒரு படம் கேக்கறாங்க" என்கிறாள் தங்கை. "வீடு பூராத் தேடிட்டேன். எல்லாத்துலயும் மாத்திரை முழுங்கப் போறவர் மாதிரி வாயை மூடிட்டு நிக்கிறார். எங்க கல்யாண ஆல்பத்துலயும் அப்படித்தான். எனக்கு அவர் சிரிச்ச முகந்தான் வேணும். அவர் பல்லு தெரியற ஒரே இடம், நீ பண்ணி வச்ச அந்தக் கண்றாவிதான்."

"அது சிரிக்கலையே. கத்துது."

"பரவால்ல. பல்லாவது இருக்கும்ல."

பல்லக்கா தராசைக் காட்டுகிறார். "அதுக்குள்ளதான் இருக்கார். மேல அஞ்சு பேர் உக்காந்திருக்காங்க."

தங்கை இப்போதுதான் உள்ளே வருகிறாள். தலையைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்க்கிறாள். தையற்கடை நடத்துபவள், எதையும் சுற்றிவந்து பார்த்துத்தான் பேசுவாள்.

"இறக்கு அவங்களை."

அதில் இரண்டு சிக்கல் இருக்கிறது. முதலாவது, குடில் திறக்க ஆறே நாள். தலையை உடைத்தால் சத்திரக்காரன் இல்லை, சத்திரக்காரன் இல்லாத குடிலை இந்த ஊர் வெறும் வைக்கோல் என்றுதான் சொல்லும். அதைப் பல்லக்கா வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டாவதைச் சொல்லவேண்டியிருந்தது. மாப்பிள்ளையின் முகத்தின்மேல் போட்ட பூச்சு அவசரத்தில் போட்டது. சோப்பு தடவினேனா என்று ஞாபகமில்லை. தடவியிருந்தால் மேலே இருப்பது ஓடாகக் கழன்றுவரும். தடவாமல் விட்டிருந்தால் வரும்போது அவரையும் பிய்த்துக்கொண்டு வரும், பல் தூளாகிவிடலாம். வேறு அச்சு கிடையாது. இருந்த ஒன்றைத்தான் உள்ளே வைத்தாயிற்று.

 தங்கை, இத்தனை வருடமாக வேலையில் எதையும் மறக்காத அக்கா அன்றைக்கு மட்டும் மறந்திருப்பாளா என்று கேட்கிறாள். அன்றைக்கு நான் வேலை செய்யவில்லை, சண்டை போட்டேன் என்கிறார் பல்லக்கா.

"எடு. போனா போகட்டும்."

உடைப்பு வேலை மேசைமேல் ஒரு மணல் மூட்டையில் தலையைச் சாய்த்துவைத்துத் தொடங்குகிறது. சின்ன உளி, மரச் சுத்தியல். வெறும் தட்டல் அல்ல, ஒவ்வொரு தட்டலுக்கும் காது கொடுத்துக் கேட்கிற தட்டல். ஓசை வெற்றாகக் கேட்கும் இடத்தில் சோப்பு இருக்கிறது என்று அர்த்தம். முதலில் கழன்றவர் அடுக்குமாடிச் சங்கச் செயலாளர், லிஃப்டை வேலைக்காரர்களுக்குப் பூட்டியவர். இரண்டு துண்டாக, நெற்றி தனி தாடை தனியாக வந்தார். அடுத்து பாடகர் குழுத் தலைவர். சுருதி சேராத ஒரு விதவையை "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று ஒன்பது வருடம் திருப்பியனுப்பியவர். மூன்றாவது மருந்துக்கடைக்காரர், மூக்குக்கண்ணாடியோடு. நான்காவது, பள்ளி அலுவலகத்தில் வரிசை நிற்கும்போதே ஜன்னலைச் சாத்துகிற எழுத்தர். ஒவ்வொருவரும் உள்பக்கம் வழவழவென்று, முட்டை ஓடுபோலக் கழன்றார்கள். பல்லக்கா அவர்களை மேசையில் வரிசையாக அடுக்கினார். ஊரின் கெட்ட குணங்களெல்லாம் வாயைத் திறந்தபடி கிடந்தன.

சுத்தியல் சத்தம் கேட்டுப் பங்குத்தந்தை வந்தவர், மேசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். சத்திரக்காரனை உடைக்கிறீர்களா, அப்படியானால் இந்த வருடம் யாரும் இல்லையா என்று அவர் கேட்டதில் ஒரு நிம்மதி தலைகாட்டியது. யார் என்று இன்னும் முடிவாகவில்லை என்று பல்லக்கா சொன்னதும் அது மறைந்தது.

"சும்மா நிக்காம இந்தத் தலையை ரெண்டு கையாலயும் பிடிங்க ஃபாதர். ஆட்டக்கூடாது."

பங்குத்தந்தை முழங்கால் போட்டு, ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டார். இப்போது மேலே இருந்தது அவருக்கு முன்னால் இருந்த பங்குத்தந்தை. செழிப்பான கன்னம், கீழ்வரிசையில் இரண்டு பல் தங்கம். பழைய மஞ்சள் பெயிண்டில் இன்னும் மினுங்கியது. பல்லக்கா காதோரம் தட்டினார். ஓசை கனமாகக் கேட்டது. தாடைக்குக் கீழே தட்டினார். அங்கேயும் கனம்.

"சோப்பு போடல" என்றார், யாரிடமும் இல்லாமல்.

உளியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். தொடர்ந்து துடைத்தார். பிறகு தங்கையின் பக்கம் திரும்பாமலே, அன்றைக்கு நான் என்று தொடங்கினார்.

"இப்ப வேண்டாம்" என்றாள் தங்கை. "கையில வேலை இருக்கு, அதைப் பாரு."

சற்றுப் பொறுத்து அவளே பேசினாள். உளியின் நுனியைப் பார்த்துக்கொண்டு, சாதாரணமாக, துணிக்கு அளவு சொல்வதுபோலப் பேசினாள். அன்றைக்குக் குடிலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கண்ணாடி முன்னால் போய் நின்றார். வாயைத் திறந்து பார்த்தார். "உங்கக்கா அச்சு அசலா வச்சிருக்காங்க, அந்தப் பல்லு ஏறி நிக்கிற கோணம்கூட மாறல" என்று சொல்லிச் சிரித்தார். இரண்டு நாள் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் எதுக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனீங்க?"

"நான்தான் போகலாம்னேன். ஊரே சிரிச்சுதே. அவருக்குக் கோவம் வரல, எனக்கு வந்துச்சு. அவருக்கும் சேத்து நானே பட்டுக்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "அந்த ட்ரெட்மில்லுல இன்னும் துணிதான் காயுது" என்றாள்.

பங்குத்தந்தை தலையைப் பிடித்தபடியே வேறெங்கோ பார்த்தார். பாவசங்கீர்த்தனக் கூண்டில் உட்கார்ந்து கேட்பது வேறு. முழங்கால் வலிக்க வலிக்க மண்டையைப் பிடித்துக்கொண்டு கேட்பது வேறு.

பல்லக்கா உளியைத் தொடாமல் மெழுகு செதுக்கும் கத்தியை எடுத்தார். பிளாஸ்டரில் தண்ணீர் தெளித்து ஊறவைத்தார். தட்டாமல், சுரண்டினார். பழைய பங்குத்தந்தையின் இரட்டைத்தாடை மாவாக உதிர்ந்தது. வலது கன்னம் பத்து நிமிடத்தில் கரைந்து, அடியில் இன்னொரு கன்னத்தின் வெளிறிய பெயிண்ட் தெரிந்தது. அது ஒட்டாமல் பிழைத்திருந்தது. இடது பக்கம் அப்படிக் கருணை காட்டவில்லை. நெம்பியபோது ஒரே சத்தம். பங்குத்தந்தையின் முகத்தில் மிச்சமிருந்ததெல்லாம் ஒரு துண்டாகக் கையோடு வந்தது. அதன் உள்பக்கத்தில் மாப்பிள்ளையின் மூக்கு ஒட்டியிருந்தது. இடது கண்ணும் ஒட்டியிருந்தது. மேலுதடும்.

"ஃபாதர் போகும்போது மாப்பிள்ளையையும் பாதி கூட்டிட்டுப் போய்ட்டார்" என்றார் பல்லக்கா. குரல் அவர் நினைத்த அளவுக்கு வேடிக்கையாக வரவில்லை.

இப்போதிருக்கும் பங்குத்தந்தை மெல்லக் கையை எடுத்துக்கொண்டார். தலை மணல் மூட்டையில் தானாக நின்றது. பல்லக்கா தூரிகையால் வாய்ப்பக்கம் இருந்த தூளைத் தள்ளினார். உள்ளே அச்சு முழுதாக இருந்தது. பல் ஒன்றுகூடக் கீறவில்லை. தெத்துப்பல் பக்கத்துப் பல்லின் தோளில் கைபோட்டபடி, வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்பு அவர் தூக்கி வைத்த உதடுதான் அந்த முகத்தைக் கத்தவைத்திருந்தது. இப்போது உதடு இல்லை. கண்ணில் ஒன்று இல்லை, மூக்கு இல்லை. மிச்சமிருந்தது ஒரு கன்னமும், கன்னம் ஒதுங்கிய இடத்தில் மறைக்க எதுவுமில்லாத பல்வரிசையும். அது எந்தச் சத்திரத்திலும் யாரையும் துரத்தவில்லை. யாரோ சொன்ன ஏதோ ஒரு சில்லறை ஜோக்குக்கு, கையெடுத்து மூடிக்கொள்ள மறந்துபோய், வெடித்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

பல்லக்காவுக்கு இதைச் செய்ததாக நினைவில்லை. அவர் செய்யவும் இல்லை.

தங்கை குனிந்து, முகத்துக்கு நேராக முகம் வைத்துப் பார்த்தாள். கல்லறைக் கல்லில் இதைப் பதித்தால் வருகிறவர்கள் பயந்து ஓடுவார்கள் என்று பங்குத்தந்தை சொல்ல வாயெடுத்தார்; பல்லக்கா பார்த்த பார்வையில், அதுவும் அவர் பல்லைப் பார்த்த பார்வையில், மூடிக்கொண்டார்.

"உதட்டை வச்சுத் தர்றேன்" என்றார் பல்லக்கா. "மூக்கும் பண்ணிடலாம். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆளை முழுசா..."

"தொடாத."

"கல்லுல வைக்க முடியாதே இப்படி."

"கல்லுக்கு வேற ஏதாவது படம் குடுத்துக்கறேன். இது வீட்டுக்கு."

ஐந்து முகங்களைக் கழித்தபின் தலை ஒரு தேங்காயைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது. தங்கை அதைக் கையில் எடுத்து எடை பார்த்தாள். தூக்கிப்போக ஒரு பை கேட்டாள். கொட்டகையில் சாக்குதான் இருந்தது. சாக்கு வேண்டாம் என்றாள். கொஞ்சம் யோசித்து, கையில் மாட்டியிருந்த ஹெல்மெட்டைக் கவிழ்த்து, போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி உள்ளே திணித்து, அதன்மேல் கணவரை முகம் மேலே பார்க்க உட்காரவைத்தாள். ஆடுகிறதா என்று லேசாக உலுக்கிப் பார்த்தாள். பிறகு பட்டியை இழுத்துத் தாடைக்குக் குறுக்கே கொண்டுவந்து, கிளிக்கென்று மாட்டினாள். பல்லுக்கு மேலே ஏறியிருந்த பட்டியை ஒரு விரலால் கீழே இறக்கிவிட்டாள்.

வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு அவள் ஹெல்மெட்டை அக்காவிடம் நீட்டினாள். "நீ பிடிச்சுக்கிட்டு பின்னால உக்காரு. நான் ஓட்டறப்ப யார் பிடிக்கிறது."

பல்லக்கா பிளாஸ்டர்க் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். வெறுந்தலையோடு இரண்டு பெண்களும், ஹெல்மெட் போட்ட ஒருவரும் இரும்புக் கதவைத் தாண்டிப் போவதைப் பங்குத்தந்தை கொட்டகை வாசலில் நின்று பார்த்தார்.

குடில் இருபத்து நான்காம் தேதி மாலை திறக்கிறது. புதுத் தலைக்கு நாளை காலையில் பிளாஸ்டர் குழைக்க வேண்டும்.